நாகராசு கம்ப்யூட்டரில் விளம்பரம் வராது

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் இறங்கி வெளியே வருகிறவர்களுக்கு முதலில் ஊர் தெரியாது. ஃப்ளெக்ஸ்தான் தெரியும். காது குத்து, பூப்பு நீராட்டு, புதுமனை புகுவிழா, துபாயிலிருந்து லீவுக்கு வந்தவருக்கு வரவேற்பு, லீவு முடிந்து திரும்புகிறவருக்கு வழியனுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் கருப்புக் கண்ணாடி போட்ட தாய்மாமன்மார்கள் வரிசையாக நின்று கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு சிங்கம் நடந்து வரும். எந்த பஸ் எங்கே நிற்கும் என்று சொல்கிற பலகை அந்தச் சிங்கத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. இவற்றில் பாதிக்கு மேல் நாகராசுவின் கைவண்ணம். மாமன்மார்கள் மாறுவார்களே தவிர, சிங்கம் எல்லாவற்றிலும் ஒரே சிங்கம்தான்.

இப்படி ஊரார் கண்ணை மறைத்துச் சோறு தின்கிற மனிதருக்கு உலகத்திலேயே பிடிக்காத ஒன்று உண்டென்றால் அது விளம்பரம். யாராவது இதைச் சுட்டிக்காட்டினால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "நான் போடுறது விளம்பரமாய்யா? அது வாழ்த்து" என்பார். சரி, வாழ்த்து என்றே வைத்துக்கொள்வோம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சந்தில் 'நாகராசு கிராபிக்ஸ்' என்ற கடை. ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி, ஒரு ஃபேன். பிரிண்ட் போடுவது வேறிடத்தில். இங்கே டிசைன் மட்டும். வாடிக்கையாளர்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "மச்சான் தலைய இன்னும் கொஞ்சம் பெரிசு பண்ணுங்கண்ணே, இல்லாட்டி சண்டைக்கு வருவாரு" என்று சொல்லச் சொல்ல, நாகராசு தலைகளைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் உறவுகளைக் காப்பாற்றி வந்தார்.

போன வருஷம் ஒரு காலையில் அருள்மணி வந்து உட்கார்ந்தான். தேங்காய் மண்டி வைத்திருந்த அவனுடைய அப்பா முந்தின நாள்தான் காலமாகியிருந்தார். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும். அழுது அழுது அருள்மணியின் முகம் வீங்கியிருந்தது. மண்டிக்காரரின் படத்தை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு, பின்னால் போட ஒரு ரோஜா மாலை தேடலாம் என்று நாகராசு இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தார். மாலை வருவதற்கு முன்னால் வேறொன்று வந்தது. சரிகைப் புடவை கட்டிய பெண் ஒருத்தி, மண்டிக்காரரின் படத்தை ஒட்டினாற்போல் எட்டிப்பார்த்து, கொட்டுமேளத்தோடு சொன்னாள்: "உங்களுக்கேற்ற வரன் காத்திருக்கிறது. இன்றே பதிவு செய்யுங்கள்!"

அருள்மணியின் அழுகை நின்றுவிட்டது. நாகராசு அதை மூடுவதற்காகப் பெருக்கல் குறியை அழுத்தினார். அது பெருக்கல் குறி மாதிரி வரைந்த படமாம். அழுத்தியதும் இன்னும் மூன்று பெண்கள் வந்தார்கள். மண்டிக்காரர் அந்த நால்வருக்கும் நடுவில் சிரித்துக்கொண்டிருந்தார். உயிரோடிருந்த காலத்தில் அவர் அப்படிச் சிரித்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. கடைசியில் நாகராசு கம்ப்யூட்டரின் வயரையே பிடுங்கிவிட்டார். அருள்மணி நல்ல பிள்ளை, பிடுங்கிய வயரை எடுத்துச் சுருட்டிக் கொடுத்தான். ஆனால் நாகராசுவுக்கு அன்று பட்ட அவமானம் சாமானியமானதல்ல.

அன்றிலிருந்து அவர் சபதம் எடுத்துக்கொண்டார். தன் கம்ப்யூட்டருக்குள் இனி ஒரு விளம்பரமும் தலைகாட்டக்கூடாது. எங்கெங்கோ படித்து, யார் யாரையோ கேட்டு, ஒரு வழியைக் கண்டுபிடித்தார்.

சங்கதி இதுதான். நாம் ஒரு பக்கத்தைத் திறந்தால் அது தனியாக வருவதில்லை. விளம்பரக் கம்பெனிகளின் முகவரிகளையும் கூட்டிக்கொண்டு வரும். அந்த முகவரிகளைத் தேடிக்கொண்டு கம்ப்யூட்டர் வெளியே ஓடும். ஓடுவதற்கு முன்னால் தன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிற ஒரு சின்ன ஃபைலை, அதாவது கோப்பை, அது ஒரு பார்வை பார்த்துக்கொள்ளும். ஹோஸ்ட்ஸ் என்று அதற்குப் பெயர். விளம்பரக் கம்பெனியின் முகவரியை அதில் எழுதி, அதற்கு நேரே நம் கம்ப்யூட்டரின் சொந்த எண்ணையே போட்டுவிட்டால் தீர்ந்தது. 'அவரையா தேடுகிறீர்கள்? நம் வீட்டுக் கொல்லையில்தான் நிற்கிறார், போய்ப் பாருங்கள்' என்று சொல்லி அனுப்புகிற மாதிரி. கம்ப்யூட்டர் கொல்லைப் பக்கம் போய்ப் பார்க்கும். அங்கே ஆள் இருக்காது. வெறுங்கையோடு திரும்பி வந்து, விளம்பரம் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டத்தை வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கும்.

மகள் ஹரிணி கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் போனில் சிரித்தாள். "அப்பா, அதுக்கெல்லாம் ரெடிமேடா லிஸ்ட் கெடைக்கும்ப்பா. ஒரே கிளிக்கு. நீங்க எதுக்கு ஒவ்வொண்ணா டைப் பண்ணிக்கிட்டு?"

"எவனோ எழுதி வச்சத நம்ம கம்ப்யூட்டருக்குள்ள விடுறதா? அவன் என்னென்னத்த எழுதி வச்சிருக்கானோ."

அதனால் ஒவ்வொரு முகவரியாகத் தன் கையாலேயே தட்டி ஏற்றினார். வேலை இல்லாத நேரங்களில் வேண்டுமென்றே மோசமான பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு விளம்பரம் வரட்டும் என்று காத்திருப்பார். வந்ததும் முகவரியைப் பிடித்துக் கோப்பில் ஏற்றி, மறுபடி திறந்து, வெள்ளைக் கட்டத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். மற்றவர்கள் தூண்டில் போட்டு மீன் பிடிக்கிறார்கள், அவர் இதைப் பிடித்தார். கடை போனிலும் வாட்ஸப்பைத் தவிர மற்றதையெல்லாம் கழற்றி எறிந்தார். சட்டைப் பையில் இருப்பது பட்டன் போன். அதில் விளம்பரம் வர இடமில்லை. எதிரே டீக்கடை வைத்திருக்கும் கண்ணனிடம் ஒரு நாள் விடாமல் சொல்வார்: "ஒன் போன்ல வர்ற குப்பையெல்லாம் நம்ம சிஸ்டத்துல எட்டிப் பாக்காது. தெரியும்ல?" கண்ணனும் ஒரு நாள் விடாமல் ஆச்சரியப்படுவான். டீ விற்க வேண்டுமே.

வீட்டில் செவந்தி. அவளைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. அவளுடைய அம்மா சொன்னதில்லை, அக்காமார்கள் சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியிலோ ரேஷன் கடையிலோ வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால், தெரிந்த முகம் ஏதாவது வருகிறதா என்று சுற்றிலும் பார்ப்பாள். ஹரிணிக்குப் பேச்சு வந்ததும் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த முதல் உத்தியோகமே அதுதான். "பாப்பா, ஒங்க அப்பா பேரச் சொல்லு" என்று இடுப்பில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரு கிள்ளு. கடைக்குப் போக வேண்டுமென்றாலும் ஆட்டோக்காரரிடம், "பஸ் ஸ்டாண்டு பின்னாடி ஃப்ளெக்ஸ் கடை" என்றுதான் சொல்வாள். ஊரில் அது தவிர ஏழெட்டு ஃப்ளெக்ஸ் கடை உண்டு; ஆட்டோக்காரர் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் கொண்டுவந்து விடுவார். புருஷன் பெயரையே கடைக்கு வைத்தால் இதுதான் கதி.

ஹரிணி வேலைக்குப் போனபின் வீடு வெறிச்சென்று ஆயிற்று. செவந்தி பிறந்தது மணமேல்குடிப் பக்கம். அங்கே கடற்கரையில் முத்துமாரியம்மாள் என்று ஒரு சிநேகிதி. அவளிடமிருந்து நெத்திலிக் கருவாடு வரவழைத்து, தலை கிள்ளி, மணல் போக அலசி, மறுபடி வெயிலில் காயவைத்துப் பாக்கெட் போட ஆரம்பித்தாள். அக்கம்பக்கத்தில் வாங்கினார்கள். நாகராசு இந்த வியாபாரத்துக்குச் செய்த உதவி ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை புதுச் சரக்கில் கொஞ்சத்தை வறுத்து அவர் தட்டில் வைப்பாள். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு தின்றுவிட்டு, "ம்" என்பார். பிடிக்காவிட்டால் அந்த "ம்" வராது. இதைத் தாண்டி அவர் வாய் திறந்து பாராட்டியதாகச் சரித்திரம் இல்லை.

பொங்கல் லீவுக்கு வந்த ஹரிணி, அம்மாவைக் கொல்லையில் நிற்கவைத்து போனில் ஒரு சின்ன வீடியோ எடுத்தாள். மாவட்டத்துக்குள் மட்டும் தெரிகிற மாதிரி இணையத்தில் விளம்பரமாகவும் கொடுத்தாள். செவந்தி புருஷனிடம் ஒரே ஒரு வரி சொன்னாள். "ஹரிணி நம்ம கருவாட்டுக்கு என்னமோ வெளம்பரம் போட்டுருக்கா. நீங்க பாருங்க."

"ம்" என்றார் நாகராசு. இது கருவாட்டுக்குச் சொல்கிற "ம்" இல்லை, மழை வரும்போல இருக்கிறது என்றால் சொல்கிற "ம்".

அதற்குப் பிறகு செவந்தி காத்திருந்தாள். கடையிலிருந்து அவர் வந்ததும் செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஒரு நிமிஷம் நின்று முகத்தைப் பார்ப்பாள். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, "வெயிலு என்னமா அடிக்குது" என்பார். அவள் உள்ளே போய்விடுவாள்.

ஊர் அதற்குள் பார்க்க ஆரம்பித்துவிட்டது. "அண்ணே, ராத்திரி போன்ல சீரியல் பாத்துக்கிட்டிருந்தோம். நடுவுல பாத்தா நம்ம அக்கா!" என்றான் கண்ணன். மெடிக்கல்காரர், பேங்க் வாசலில் நிற்கும் வாட்ச்மேன், ஏன், காய்கறிக்கார அம்மாகூட, "பாத்தேன் தம்பி, பாத்தேன்" என்று ஒரு மாதிரி சிரித்துக்கொண்டு போனார்கள். அந்தச் சிரிப்பு நாகராசுவுக்குப் பிடிபடவில்லை. கருவாட்டில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

"எங்க, காட்டு பாப்போம்" என்றார் கண்ணனிடம்.

"அதெல்லாம் நம்ம கூப்பிட்டா வராதுண்ணே. அதுவா எப்பவாச்சும் வரும். ஒங்ககிட்டதான் கம்ப்யூட்டரு இருக்கே, அதுல பெருசா பாக்கலாம்ல."

கடைக்கு வந்து பெரிதாகப் பார்க்க உட்கார்ந்தார். சீரியல் பக்கம் திறந்தார், செய்திப் பக்கம் திறந்தார், ராசிபலன்கூடத் திறந்தார். பக்கத்துக்கு நாலு வெள்ளைக் கட்டங்கள் சுத்தமாக, பளிச்சென்று இருந்தன. செவந்தியைக் காணோம். இந்த இடத்தில் கொஞ்சம் மூளை உள்ள எவருக்கும் ஒரு பொறி தட்டியிருக்கும். நாகராசுவுக்குத் தட்டவில்லை. அவர் கணக்கில், அந்தக் கோப்பு திருட்டுப் பயல்களை நிறுத்துவதற்கு. செவந்தி திருட்டுப் பயல் இல்லையே. சொந்தப் பெண்டாட்டியை அது எப்படி நிறுத்தும்? கம்ப்யூட்டருக்கும் உறவுமுறை தெரியும் என்று அவர் மனதார நம்பியிருக்க வேண்டும்.

மதியம் சாப்பாட்டுக்கு வந்தவர், கை கழுவும்போதே அறிவித்தார். "ஒன்னையும் ஒம் மகளையும் நல்லா ஏமாத்திப்புட்டான் அந்த வெளம்பரக் கம்பெனிக்காரன். எங்கயும் ஓடல."

செவந்தி கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க பாக்கலையா?"

"இருந்தாத்தானே பாக்குறதுக்கு? காலையில இருந்து தேடிட்டேன். ஒண்ணையும் காணோம்."

"ஊரு பூராம் பாத்துட்டு வந்து சொல்லுதே."

"ஊரு ஒம் மொகத்துக்கு நேரா அப்பிடித்தான் சொல்லும். கம்ப்யூட்டரு எனக்குத் தெரியுமா, ஊருக்குத் தெரியுமா?"

அவள் ரசச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிருங்க. பாத்துட்டு, பாக்கலன்னு சொல்லாதீங்க."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று யோசிக்க நாகராசுவுக்கு நேரமில்லை. ரசத்துக்குக் கை நீட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தட்டில் நெத்திலி இல்லை. முட்டைக்கோஸ் பொரியல் இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் முட்டைக்கோஸ். கொல்லையில் சாக்கு விரித்துக் காயவைத்த கருவாடு அப்படியே கிடந்தது, பாக்கெட் போடவில்லை. கேட்டு வந்தவர்களிடம், "இன்னும் சரி பாக்கலங்க, பெறகு வாங்க" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள். யார் சரி பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. பேச்சும் குறைந்துபோயிற்று. சண்டை போட்டாலாவது என்னவென்று தெரியும். செவந்தி சண்டை போடுகிற ஜாதியில்லை. தண்ணீர்ச் செம்பை நடையில் வைத்துவிட்டு, அவர் வருவதற்கு முன்பே உள்ளே போய்விடுவாள். முகத்தைப் பார்ப்பதில்லை. நாகராசுவுக்கு வீட்டுக்குப் போகவே பயமாக இருந்தது. முட்டைக்கோஸுக்காக அல்ல.

அப்போதுதான் அருள்மணி மறுபடி வந்தான். அப்பாவுக்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. அதே படம், அதே சிரிப்பு. டிசைன் ஓடிக்கொண்டிருக்கும்போது அவனாகவே பேச்செடுத்தான்.

"அண்ணே, அக்கா வெளம்பரத்த எங்க அம்மா பாத்துச்சு. பாத்துட்டு அழுதுருச்சுண்ணே."

"கருவாட்டுக்கு எதுக்குப்பா அழுகை?"

"கருவாட்டுக்கு இல்லண்ணே. அக்கா ஒங்க பேரச் சொல்றாங்கல்ல, அதுக்கு."

நாகராசுவின் கை மவுஸ் மேலேயே நின்றுவிட்டது. "எம் பேரயா?"

"ஏண்ணே, நீங்க பாக்கலையா? 'எங்க வீட்டுக்காரரு நாகராசு'ன்னு சொல்லிட்டு, அப்பிடியே தலையக் குனிஞ்சுக்குறாங்க. ஊரே அதத்தான சொல்லிச் சிரிக்குது, நல்ல விதமாத்தான். எங்க அம்மாவும் அப்பா பேரச் சொன்னதே இல்லண்ணே. 'அவரு காதுல விழுற மாதிரி நானும் ஒரு தடவ சொல்லியிருக்கலாமே'ன்னு அழுகுது. இப்ப நீங்க ஃப்ளெக்ஸ்ல அப்பா பேரப் பெருசாப் போடுறீங்க, அவரு எங்க பாக்கப் போறாரு?"

அருள்மணி டிசைன் முடிந்ததும் பார்க்க நாலு நாளில் வருவதாகச் சொல்லிக் கிளம்பினான். நாகராசு கொஞ்ச நேரம் மண்டிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஹரிணிக்குப் போன் போட்டு, எந்தக் கம்பெனி மூலமாக விளம்பரம் கொடுத்தாள் என்று கேட்டார். அவள் சொன்ன பெயரைத் தன் கோப்பில் தேடினார். தேடவே வேண்டியிருக்கவில்லை. முதல் வரியே அதுதான். மண்டிக்காரருக்கு வரன் கொண்டுவந்து காட்டின அதே விளம்பரக் கம்பெனி. முதல் கோபத்தில், முதல் நாளில், விரல் வலிக்க அவரே தட்டி ஏற்றிய வரி. இத்தனை நாளும் அவர் பெருமூச்சு விட்டு ரசித்த வெள்ளைக் கட்டங்களில் ஏதோ ஒன்றில் செவந்தி நின்றுகொண்டிருந்திருக்கிறாள். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு, கொல்லைக்கும் வாசலுக்குமாக அலைக்கழிந்திருக்கிறாள்.

"அப்பா, நீங்க ப்ளாக் பண்ணி வச்சிருக்கீங்கல்ல, ஒங்களுக்கு எப்பிடி வரும்?" ஹரிணி சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். "அம்மா என்ன நெனச்சிருக்குன்னு தெரியுமா? பேரச் சொன்னது ஒங்களுக்குக் கௌரவக் கொறச்சலாப் போச்சாம். அதான் பாக்காத மாதிரியே இருக்கீங்களாம். இன்னிக்கு வெளம்பரத்த நிறுத்திரச் சொல்லிருச்சுப்பா. ஆபீஸ் முடிஞ்சதும் நிறுத்திருவேன். வேணுன்னா அந்த வீடியோவ ஒங்களுக்கு வாட்ஸப்ல அனுப்புறேன்."

"அனுப்பாத. ஊரு பாத்த மாதிரியே நானும் பாத்துக்கிறேன். நிறுத்தவும் செய்யாத. போன வைய்யி."

கோப்பைத் திறந்தார். முதல் வரியை மட்டும் அழித்தால் போதும் என்று நமக்குத் தெரிகிறது. அவருக்கு அந்த நேரத்தில் எதிலெதில் அவள் மாட்டிக்கொண்டிருக்கிறாளோ என்று பயம். ஒரு வருஷத்து உழைப்பை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டுக் கடையைச் சாத்தினார்.

வீட்டுக்குப் போனபோது செவந்தி கொல்லையில் கருவாட்டைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்றார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. ஹோஸ்ட்ஸ் கோப்பிலிருந்து தொடங்கினார். கம்ப்யூட்டர் முதலில் எங்கே பார்க்கும், பிறகு எங்கே ஓடும், கொல்லை எது, வாசல் எது என்று விளக்கினார். செவந்தி கருவாட்டை விட்டுவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்ப என்னதான் சொல்ல வாரீங்க?"

"நெசமாவே நான் பாக்கல செவந்தி. யாரும் உள்ள வரக்கூடாதுன்னு நாந்தான் கதவச் சாத்தி வச்சிருந்தேன். நீயும் வெளியவே நின்னுட்ட. எனக்குத் தெரியல."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பொய் சொன்னால் அவருக்கு இடது காது சிவக்கும், அது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம். அன்றைக்குச் சோறு போடும்போது அதைப் பார்க்கத் தோன்றவில்லை. இன்றைக்குக் காது சாதாரணமாகத்தான் இருந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் அழுகிறாள் என்றுதான் நினைத்தார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இத்தன நாளும் நெசமாவே பாக்கலையா? ஊரு பூராம் பாத்துருச்சு, நீங்க பாக்கலையா?"

"பாக்கல." அவருக்குத் துணிச்சல் வந்தது. சுற்றிலும் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார். "ஒரு தடவ எங்கிட்டயும் சொல்லேன்."

"என்னத்த?"

"அதான். பேர."

செவந்தியின் சிரிப்பு நின்றது. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு மறுபடி கருவாட்டைக் கிளற ஆரம்பித்தாள். "அதுக்குத்தானே வெளம்பரம் குடுத்திருக்கு? போயி அதுல பாத்துக்கங்க."

அதற்குமேல் அவளிடம் வாதாட முடியாது. ஆனால் அடுப்பைப் பற்றவைத்து ஒரு பிடி நெத்திலியை வறுத்து அவர் தட்டில் வைத்தாள். நாகராசு இந்தத் தடவை வேறெங்கும் பார்க்கவில்லை. மென்று விழுங்கிவிட்டு, "உப்பு சரியா இருக்கு. நல்லா இருக்கு" என்றார். அவர் வாழ்க்கையிலேயே மிக நீண்ட பாராட்டு அதுதான். செவந்தி பாக்கெட் கவர்களை எடுத்துவந்து உட்கார்ந்தாள்.

சாயங்காலம் கடை திறந்தபோது, ஒரு வருஷமாக வெளியே காத்துக் கிடந்தவர்கள் அத்தனை பேரும் உள்ளே வந்தார்கள். வழுக்கையில் முடி வளர்ப்பவர்கள், ஒரே வாரத்தில் தொப்பையைக் கரைப்பவர்கள், திருச்சிக்கு மிக அருகில் என்று சொல்லிப் பொட்டல்காட்டில் மனை விற்பவர்கள், ரம்மி ஆடிக் கோடீஸ்வரர் ஆனவர்கள். நாகராசு ஒருவரையும் மூடவில்லை. எல்லோரையும் கடைசிவரை பார்த்தார். டீ கொண்டுவந்த கண்ணன் திரையைப் பார்த்துவிட்டு, கிளாஸை வைக்க மறந்து நின்றான். "என்னண்ணே, சிஸ்டத்துக்கு என்னாச்சு?" என்றான். "ஒண்ணும் ஆகல. நீ போ" என்றார்.

அன்றைக்கு அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. யாருக்கு எதைக் காட்டுவது என்று அந்தக் கம்பெனிக்கு ஒரு கணக்கு உண்டாம். நாகராசு கருவாடு வாங்குகிற ஆள் இல்லை, முடி வளர்க்கிற ஆள் என்று அது முடிவு செய்துவிட்டது போலிருக்கிறது. வீட்டில் செவந்தி செம்போடு நின்று, "வந்துச்சா?" என்பாள். அவர் இல்லை என்று தலையாட்டுவார். "பொறுமையா பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள். அவளுக்கு இதில் கொஞ்சம் சந்தோஷம்தான்.

அருள்மணி ஃப்ளெக்ஸைக் கடைசியாகச் சரிபார்க்க வந்து உட்கார்ந்த நேரத்தில், கொட்டுமேளத்தோடு மறுபடியும் அந்தச் சரிகைப் புடவைக்காரி எட்டிப்பார்த்தாள். உங்களுக்கேற்ற வரன் காத்திருக்கிறது.

அருள்மணி பெருமூச்சு விட்டான். "என்னண்ணே, எங்க அப்பாவுக்கு இன்னுமா பாக்குறாங்க?" என்று சொல்லிவிட்டு மூடுவதற்காக மவுஸுக்குக் கை நீட்டினான். நாகராசு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "இரு தம்பி. இவ போனாத்தான் அடுத்தவங்க வருவாங்க."

அவள் போனாள். அடுத்து, அவர்கள் வீட்டுக் கொல்லை வந்தது. துணி துவைக்கிற கல், முருங்கை மரம், கொடியில் காயும் அவருடைய கோடு போட்ட கைலி. அதற்கு முன்னால் கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற பச்சைப் புடவையில் செவந்தி, கையில் முறத்தோடு.

"வணக்கங்க. இது மணமேல்குடி நெத்திலிங்க. மண்ணு இருக்காது, தலை இருக்காது, உப்புத் தூக்கலா இருக்காது."

கீழ் மூலையில் 'தவிர்க்க' என்று ஒரு பொத்தான் முளைத்தது. நாகராசு மவுஸைத் தூக்கி மேஜையின் மறுகோடியில் வைத்தார்.

"எங்க வீட்டுக்காரரு..." என்று சொல்லிவிட்டுச் செவந்தி நிறுத்தினாள். ரேஷன் கடையில் பார்க்கிற மாதிரி ஒரு தடவை சுற்றிலும் பார்த்தாள். தெரிந்த முகம் எதுவும் உதவிக்கு வரவில்லை. தலையைக் குனிந்து முறத்தைப் பார்த்துச் சொன்னாள். "நாகராசு. அவரு வாயில வச்சுப் பாத்து சரின்னு சொன்னாத்தான் நான் பாக்கெட்டு போடுவேன்."

அவ்வளவுதான், அதற்குள் முடிந்துபோயிற்று. விளம்பரத்தைத் திருப்பிப் போட்டுப் பார்க்க முடியாது என்று நாகராசுவுக்கு அப்போதுதான் உறைத்தது. அருள்மணி மரியாதைக்கு வேறு பக்கம் திரும்பி, அப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாகராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். திரையில் அதற்குள் மூட்டுவலித் தைலக்காரர் வந்து முழங்காலைத் தேய்க்க ஆரம்பித்திருந்தார். அவரையும் கடைசிவரை பார்த்தார். ஒருவேளை அவருக்கு அப்புறம் மறுபடி வருவாளோ என்னவோ.